ஒர்க்ஸ் கமிட்டிக்குத் தேர்வாகிவிட்டீர்களா? முதல் கூட்டத்துக்கு முன் படியுங்கள்

தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் தொழிற்சாலைக் குழுதான் ஒர்க்ஸ் கமிட்டி. அது என்றாலே கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசும் கூட்டம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நாற்காலி சும்மா கிடைத்ததல்ல. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குப் போட்டு நீதிமன்றத் தடை வாங்கியது. அதன் பிறகுதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

முதலில் தலைகளை எண்ணுங்கள். கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமே சொன்னது. 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது.

அடுத்து, கோரிக்கையை எழுதும் முறை. 'பெயின்ட் அடிக்கும் பிரிவில் வெக்கை தாங்கவில்லை' என்று எழுதினால் பதில் வராது. 'மூன்றாவது பூத்தின் வலப்பக்க எக்ஸாஸ்ட் விசிறி மதிய ஷிப்டில் நின்றுவிடுகிறது, பெல்ட் தளர்ந்திருக்கிறது, சொல்லி இரண்டு வாரமாகிறது' என்று எழுதுங்கள். போய்ப் பார்த்து, அங்கே நிற்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். இரவு ஷிப்டுக்கும் போக வேண்டும். அவர்கள் குறைகளை யாரும் கேட்பதில்லை.

கூட்டத்தில் கவனிக்க வேண்டியது, பேசி முடிவானதைப் பதியும் மினிட்ஸ் புத்தகம். யார் செய்வார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்ற இரண்டும் பதிவாகாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'பரிசீலிக்கப்படும்' என்று முடித்தால், அடுத்த கூட்டத்தில் அதே விசிறியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். நகல் வாங்கி அன்றே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

சம்பளத்தையும் ஆள்குறைப்பையும் பற்றி நிர்வாகம் அங்கே பேச்செடுத்தால் தலையாட்டாதீர்கள். அது சங்கத்தின் வேலை. நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஆலைச் சீரமைப்புத் திட்டத்துக்குக் கமிட்டிப் பிரதிநிதிகள் கொடுத்த சம்மதம் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தாது.

தனி ஒருவரின் குறை என்றால் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. புதிய தொகுப்புச் சட்டப்படி இருபது பேர் வேலை செய்யும் இடத்திலேயே அது வேண்டும். உறுப்பினர்கள் பத்துப் பேருக்கு மிகக் கூடாது. தலைமை ஆண்டுக்கு ஒரு தரப்பாக மாறி மாறி வரும். பெண்களுக்கும் போதிய இடம் உண்டு. இந்தக் குழுவை நான் பெரிதும் நம்புகிறேன். ஆனால் அசெம்பிளி லைன் முழுக்கப் பெண்கள் நிற்க, குழுவில் பெயருக்கு ஒரே ஒரு பெண்ணை வைத்தால் அது ஏமாற்று.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு உங்கள் தேர்தலில் ஓட்டு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அந்த விசிறிக்குக் கீழே நிற்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.