கார்கோ பைலட்டா, பயணிகள் விமான பைலட்டா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களைப் பெற்றவர்களும் கேட்கிற கேள்வி இது: கார்கோ பக்கம் போகலாமா, பயணிகள் விமானம்தான் நல்லதா? நியாயமான கேள்விதான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் சம்பளப் பட்டியலையும் நாலு வீடியோவையும் பார்த்துவிட்டு விடை கண்டுவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். பல லட்சம் கடன் வாங்கிப் படித்த படிப்பு. எந்த நிறுவனம், எந்த ஊர், எந்த நேரத்து வேலை என்று பார்க்காமல் முடிவெடுத்தால், சரிசெய்யவே பல வருடம் போய்விடும்.

கார்கோ என்றால் ஒரே வேலை என்று நினைப்பது

சென்னை மீனம்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷனில் போயிங் 757 ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் இரவு வேலை. ஊர் தூங்கும் நேரத்தில் இந்திய நகரங்களுக்கிடையே கூரியர் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். லக்ஸம்பர்க்கின் கார்கோலக்ஸில் 747 ஓட்டுபவர் ஒருமுறை வீட்டைவிட்டுக் கிளம்பினால் கண்டம் விட்டுக் கண்டம் போய், பல நாள் கழித்துத்தான் திரும்புவார். அமெரிக்காவில் கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸுக்காகச் சிறு ஊர்களுக்கு செஸ்னா கேரவன் ஓட்டுபவரைப் பாருங்கள். ஒரே இன்ஜின், ஒரே பைலட், பனியோ மழையோ அவரே முடிவெடுக்க வேண்டும். மூன்று பேருமே கார்கோ பைலட்டுகள்தான். அவர்களுடைய சம்பளமும் தூக்கமும் குடும்ப வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

பயணிகள் பக்கமும் அப்படித்தான். ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில் ஒரே நாளில் சேலம், கொச்சி, பெங்களூர் என்று ஏறி இறங்குபவரையும், 777-இல் அமெரிக்கா போய்வருபவரையும் ஒரே வகையில் அடைத்தால் என்ன ஒப்பீடு செய்ய முடியும்?

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, அமெரிக்க பைலட்டுகள் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்வது. அங்கே பயணிகள் விமான நிறுவனத்தில் சேர வழக்கமாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த மணிக்கணக்கைச் சேர்க்கச் சின்ன கார்கோ விமானம் ஒரு படிக்கட்டு. 1,200 மணி நேரம் ஆனதும் கேரவன் மாதிரி விமானத்துக்கு, மேகத்துக்குள்ளும் பறக்கும் கேப்டனாகவே ஆகலாம். இந்தியாவில் 200 மணி நேரத்தில் சிபிஎல் வாங்கி, டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) முடித்து, நேராக ஏர்பஸ் 320-இல் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) உட்கார முடிகிறது. அந்தப் படிக்கட்டு இங்கே இல்லை, பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை.

எண்ணிக்கையையும் மறந்துவிடுகிறார்கள். இண்டிகோவிடம் 400-க்கு மேற்பட்ட விமானங்கள். ப்ளூ டார்ட்டிடம் பத்துக்கும் குறைவு. "கார்கோதான் போவேன்" என்று இங்கே ஒருவர் சொன்னால், அவர் தட்டக்கூடிய கதவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விருப்பம் இருக்கட்டும், ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் காலத்தில் வருகிற பயணிகள் விமான வாய்ப்பை அதற்காகத் தள்ளிப்போடுவது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

சம்பளத்தைப் பார்த்து ரோஸ்டரை (பணி நேர அட்டவணையை) பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான்.

கூரியர் நிறுவனங்களின் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஃபெடெக்ஸின் மையம். மாலையில் ஊர் ஊராகப் பெட்டிகளை ஏற்றிய விமானங்கள் நள்ளிரவையொட்டி வரிசையாக வந்து இறங்கும். பெட்டிகள் பிரிக்கப்பட்டு வேறு விமானங்களுக்கு மாறும். விடிவதற்குள் எல்லாம் மறுபடி கிளம்பும். இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் பைலட்டுகள் மையத்திலேயே இருக்கும் சின்னத் தூக்க அறைகளில் கண்ணயர்கிறார்கள். அப்புறம் அலாரம் அடிக்கும், எழுந்து போய் அடுத்த விமானத்தை எடுக்க வேண்டும். லூயிவில்லில் இன்னொரு கூரியர் நிறுவனமான யூபிஎஸ் நடத்துவதும் இதே முறைதான்.

அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடல் மிகவும் சோர்ந்திருக்கும். எவ்வளவு பழகினாலும் அந்த நேரம் முழுதாகப் பகலாக மாறுவதில்லை. அதுவும் வேலை நாளில் இரவு விழித்து, விடுமுறை நாளில் குடும்பத்துக்காகப் பகலில் விழித்திருந்தால், உடம்பு இரண்டு பக்கமும் சேராமல் தவிக்கும். இருபத்தைந்து வயதில் இது பெரிதாகத் தெரியாது. நாற்பதுக்கு மேல் மெடிக்கலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும்போது தெரியும். கிளாஸ் ஒன் மெடிக்கல் (பைலட்டுக்குக் கட்டாயமான மருத்துவத் தகுதிச் சான்று) போனால் சம்பளமும் போகும் என்ற தொழில் இது.

2013 ஆகஸ்ட் 14. லூயிவில்லில் இருந்து அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போன யூபிஎஸ் 1354, காலை ஐந்து மணிக்குச் சற்று முன், ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. ஏர்பஸ் ஏ300 விமானம். கேப்டன், ஃபர்ஸ்ட் ஆபீசர் இருவரும் இறந்தார்கள். உயரத்தைச் சரியாகக் கவனிக்காமல், சீராக இல்லாத இறக்கத்தைத் தொடர்ந்ததே காரணம் என்றது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். சோர்வையும் துணைக் காரணமாகச் சேர்த்தது. காக்பிட்டில் பதிவான பேச்சில் அந்த இருவரும் பேசிக்கொண்டது ஓய்வு விதிகளைப் பற்றி. பயணிகள் விமானிகளுக்கு வரப்போகும் புதிய விதி நமக்கு மட்டும் ஏன் இல்லை என்பதுதான் அவர்களுடைய வருத்தம். அதைப் படிக்கும்போது மனது கனத்துவிடுகிறது.

அவர்கள் பேசிய விதி 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த பகுதி 117 என்ற அமெரிக்கப் பணி நேர விதி. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து ஐம்பது பேர் இறந்தபின் கொண்டுவந்தது. வேலை தொடங்கும் நேரத்தைப் பொறுத்து ஒரு நாள் பணியை 9 முதல் 14 மணி நேரத்துக்குள் அடக்குகிறது, இடையில் 10 மணி நேர ஓய்வு கேட்கிறது. செலவு அதிகம், அதற்கேற்ற பலன் இல்லை என்ற கணக்கைக் காட்டி, கார்கோ நிறுவனங்களை இதிலிருந்து விலக்கி வைத்தார்கள். பெரிய நிறுவனங்களில் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கின்றன. சங்கம் பலமில்லாத இடத்தில்? ஆகவே கார்கோ வேலையைப் பார்க்கும்போது சம்பளத்துக்கு முன் கேட்க வேண்டியது, எந்த விதியின் கீழ், எந்த ஒப்பந்தத்தின் கீழ் உங்களைப் பறக்கவிடுவார்கள் என்பதுதான்.

பயணிகள் விமானம் என்றால் பகல் வேலை, நிம்மதியான தூக்கம் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. காலை ஐந்து மணி விமானத்துக்கு இரண்டு மணிக்கு எழ வேண்டும். ஒரே நாளில் நாலு இறக்கம் என்பது சாதாரணம். இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏ, இரவு என்பதற்கான நேரத்தைக் காலை ஆறு வரை நீட்டி, வார ஓய்வை 36-இல் இருந்து 48 மணி நேரமாக்கி, இரவு இறக்கங்களை இரண்டாகக் குறைத்தது இந்தச் சோர்வைப் பார்த்துத்தான். அந்த விதி முழுதாக அமலுக்கு வந்ததும், போதுமான பைலட்டுகள் இல்லாமல் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததை எல்லாரும் பார்த்தோம்.

"பயணிகள் இல்லை, தொல்லையும் இல்லை"

பாதி உண்மை. சண்டை போடும் பயணி இல்லை, சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பது இல்லை, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு செய்ய வேண்டியதில்லை. சாப்பாட்டை நீங்களே சூடுபண்ணிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மனிதர்களோடு பேசுவதில் களைத்துப்போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் பயணி இல்லாத இடத்தில் என்ன ஏற்றுகிறார்கள்? 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பிய யூபிஎஸ் 6, ஒரு 747 சரக்கு விமானம். சரக்கில் நிறைய லித்தியம் பேட்டரிகள் இருந்தன. கிளம்பிச் சுமார் 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை. துபாய்க்கே திரும்பத் தொடங்கினார்கள். புகை காக்பிட்டை நிறைத்ததில் கருவிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கேப்டனுக்கு ஆக்சிஜன் நின்றுபோக, அவர் இருக்கையைவிட்டு எழுந்தார், திரும்பவில்லை. ஃபர்ஸ்ட் ஆபீசர் தனியாளாக, ரேடியோ அலைவரிசையைக்கூட மாற்ற முடியாமல், மற்ற விமானங்கள் வழியாகச் செய்தி வாங்கிக்கொண்டு பறந்தார். ஓடுபாதையைக் கடந்து போய் விமானம் விழுந்தது.

இத்தகைய பெரிய சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் தீப்பிடித்தால், அங்கே தானாகத் தீயணைக்கும் வாயு பாய்வதில்லை. காற்றழுத்தத்தைக் குறைத்து, ஆக்சிஜன் இல்லாமல் தீயை அடக்குவதே முறை. லித்தியம் பேட்டரித் தீ அதற்கெல்லாம் எளிதில் அடங்குவதில்லை. பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றக் கூடாது என்று 2016 ஏப்ரலில் சர்வதேசத் தடை வந்தது. சரக்கு விமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் ஏற்றலாம் என்று விட்டார்கள். பயணிகள் விமானத்தில் வேண்டாம் என்று சொன்ன சரக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எடையும் அப்படி. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸின் 747, கவச வாகனங்களை ஏற்றிக்கொண்டு எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. கட்டியிருந்த வாகனம் அவிழ்ந்து பின்னால் உருண்டு, வாலின் இயக்கத்தையே உடைத்துவிட்டது. ஏழு பேரும் இறந்தார்கள். லோட் ஷீட்டில் (எடைக் கணக்குத் தாளில்) கையெழுத்துப் போடுவதோடு வேலை முடியாது. லோட்மாஸ்டர் (சரக்கு ஏற்றுவதற்குப் பொறுப்பானவர்) எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். இதில் ஆர்வமுள்ளவருக்குக் கார்கோ உண்மையிலேயே பிடித்துப்போகும். ஒரு நாள் பந்தயக் குதிரைகள், இன்னொரு நாள் இன்ஜின், மறுநாள் மருந்து. ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை வேறு, ஏறும் இறங்கும் முறை வேறு.

ஒரு வருடத்தை வைத்து நிலைத்தன்மையை அளப்பது

2020-இல் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றன. கார்கோ பறந்தது. அன்றிலிருந்து "கார்கோதான் பாதுகாப்பு" என்ற பேச்சு ஓயவில்லை. ஆனால் 2023 நவம்பரில் ஃபெடெக்ஸ் தன் பைலட்டுகளிடம், வேலை குறைவாக இருக்கிறது, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான பிஎஸ்ஏ-வில் போய்ச் சேர்வதைப் பற்றி யோசியுங்கள் என்று சொன்னது. பெரிய விமானம் ஓட்டியவர்களைச் சின்ன விமானத்துக்குப் போகச் சொன்ன செய்தி அது. அடுத்த வருடம் செப்டம்பரில் அமெரிக்கத் தபால் துறையோடு இருந்த நீண்டகால ஒப்பந்தமும் ஃபெடெக்ஸின் கையைவிட்டு யூபிஎஸ்ஸுக்குப் போனது. கார்கோ நிறுவனத்தின் வருமானம் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

சம்பளத்திலும் நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனமான டெல்டாவின் பைலட்டுகள் ஒப்பந்தக் காலத்தில் 34 சதவீத உயர்வு பெற்றார்கள். அதே வருடம் ஜூலையில் ஃபெடெக்ஸ் பைலட்டுகள் தங்களுக்கு வந்த 30 சதவீத உயர்வு ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள்.

நம் நாட்டில் இரண்டு பக்கமும் காயம் உண்டு. கேப்டன் கோபிநாத் 2009-இல் தொடங்கிய டெக்கான் 360 சரக்கு நிறுவனம் சில வருடங்களிலேயே நின்றுபோனது. பயணிகள் பக்கத்தில் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட். அதனால் துறையைப் பார்க்காமல் நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். சம்பளம் தேதியில் வருகிறதா என்று அங்கே வேலை செய்பவரிடமே விசாரியுங்கள்.

டைப் ரேட்டிங்கை யோசிக்காமல் கையெழுத்துப் போடுவது

இண்டிகோவின் ஏ321 சரக்கு விமானத்துக்கும் பயணிகள் ஏ320-க்கும் ரேட்டிங் ஒன்றுதான். 737-800 சரக்கு விமானம் ஓட்டினால் அந்த ரேட்டிங் பயணிகள் நிறுவனங்களிலும் செல்லும். 757 அப்படியில்லை. இந்தியாவில் அதை ஓட்டும் வேறு பெரிய நிறுவனம் இல்லை, தயாரிப்பும் 2004-லேயே நின்றுவிட்டது. நல்ல விமானம், ஓட்டியவர்கள் மனதாரப் புகழ்வார்கள். ஆனால் வேலை மாறும்போது புதிய ரேட்டிங்குக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி வரும். கார்கோவில் பொதுவாக மாதம் சேரும் மணிக்கணக்கும் குறைவு என்பதால், கேப்டன் ஆவதற்கான மணி நேரம் சேரக் கூடுதல் காலம் ஆகலாம்.

பழைய விமானம் என்பதாலேயே பயப்படுவதும் வேண்டாம். பராமரிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்பதே முக்கியம். பயணிகள் விமானமாக ஓடி, பிறகு சரக்குக்கு மாற்றப்பட்டவை நிறைய உண்டு. தொழிற்சாலையிலிருந்து சரக்கு விமானமாகவே வரும் 777-களும் உண்டு.

நேர்காணலில் சம்பளத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பேஸ் எந்த ஊர், மாற்றக் கேட்டால் எவ்வளவு காலம் ஆகும், தொடர்ந்து எத்தனை இரவுகள் போடுவார்கள், சோர்வாக இருக்கிறது என்று சொல்லி விமானத்தை மறுத்தால் என்ன நடக்கும். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாண்டில் (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தத்தில்) எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று வரி வரியாகப் படியுங்கள். டிஜிசிஏ விதிப்படி இந்தியாவில் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் நோட்டீஸ் கொடுத்துத்தான் விலக முடியும். பல இடங்களில் புதிய நிறுவனத்துக்குப் போனால் சீனியாரிட்டி மீண்டும் கடைசியிலிருந்து தொடங்கும். கார்கோவிலிருந்து பயணிகள் பக்கமும், அங்கிருந்து இங்கேயும் மாறியவர்கள் இருக்கிறார்கள், மாறலாம். அந்த ஆறு மாதம், ஒரு வருடம், பாண்டுத் தொகை, சீனியாரிட்டி இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முதல் கையெழுத்தைப் போடுங்கள்.