ஹட்சனில் கயாக்: ஃபெர்ரிகளுக்கு நடுவே போய் வருவது எப்படி

நியூயார்க் துறைமுகத்தில் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு ஓட்டக் காசு வேண்டாம் என்று சொன்னால் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து வரும் நம்மவர்கள் முதலில் நம்புவதில்லை. பார்க்கிங்குக்கு மட்டும்தான் அழ வேண்டும். மன்ஹாட்டனில் பியர் 26 என்கிற படகுத்துறையில் டவுன்டவுன் போட்ஹவுஸ், 56-வது தெரு பக்கம் பியர் 96-இல் மன்ஹாட்டன் கம்யூனிட்டி போட்ஹவுஸ், புரூக்ளினில் ரெட் ஹூக், ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், ஹோபோக்கனில் மேக்ஸ்வெல் பிளேஸ் பூங்கா ஓரம். கோடை வந்தால் இங்கெல்லாம் தன்னார்வலர்கள் படகு, துடுப்பு, லைஃப் ஜாக்கெட் மூன்றையும் சும்மா கொடுக்கிறார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெர்சி சிட்டிக்காரி. கோடைச் சனிக்கிழமைகளில் இப்படி ஒரு படகுத்துறையில் நின்று, வருகிறவர்களுக்கு ஜாக்கெட் மாட்டிவிடுவேன். பியர்களுக்கு நடுவே உள்ள தேங்கிய தண்ணீரில் இருபது நிமிடம் சுற்றிவிட்டு வந்ததும் பாதிப் பேர் கேட்பது ஒன்றேதான்: "அக்கா, அந்தக் கரைக்குப் போய்ட்டு வரலாமா?" இது அவர்களுக்காக எழுதுவது. போகலாம். ஆனால் அதற்கு வேண்டியது தோள் பலமில்லை. கடிகாரம் பார்க்கத் தெரிய வேண்டும், காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

முதலில் உடுப்பு. பருத்தித் துணியும் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. துப்பட்டாவைக் கரையிலேயே கழற்றி வையுங்கள். சங்கிலி, தாலிக்கொடி எல்லாம் ஜாக்கெட்டுக்கு உள்ளே போகட்டும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு. போனை உறையில் போட்டு, அந்த உறையை உடம்போடு கட்டுங்கள். படகோடு கட்டினால், கவிழ்ந்து படகு நழுவிப் போகும்போது போனும் சேர்ந்து போய்விடும். ஜாக்கெட் தோள்பட்டையை ஒருவர் மேலே இழுத்தால் அது காதுவரை ஏறக் கூடாது, ஏறினால் பெல்ட் போதவில்லை. "கொஞ்சம் லூசா விடுங்க அக்கா, மூச்சு முட்டுது" என்பவர்களுக்கு நான் இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன். ஜாக்கெட்டில் ஒரு விசில் தொங்க வேண்டும், இது சட்டப்படியே கட்டாயம். இருட்டுவதற்குள் திரும்புவது சந்தேகம் என்றால் கையில் வெள்ளை விளக்கும் வேண்டும்.

இனி தண்ணீர். ஹட்சன் பெயருக்குத்தான் ஆறு. கடலின் ஏற்றமும் இறக்கமும் இங்கிருந்து 150 மைலுக்கு மேல் தள்ளி இருக்கும் ட்ராய் அணைவரை போய் வருகின்றன. அதனால் மன்ஹாட்டன் ஓரத்தில் தண்ணீர் சில மணி நேரம் தெற்கே ஓடும், அப்புறம் திரும்பி வடக்கே ஓடும். மேலிருந்து வரும் ஆற்று நீரும் சேர்ந்துகொள்வதால் தெற்கே ஓடும்போது வேகம் கூடுதல். 2 நாட்டைத் தாண்டுவது சாதாரணம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். கொஞ்சம் பழகியவர் நிதானமாகத் துடுப்புப் போட்டால் 3 நாட் வரும். எதிர்நீரில் போனால் மிச்சம் 1 நாட்தான், ஒரு கடல் மைல் போக ஒரு மணி நேரம். அதே தூரம் ஓடும் நீரோடு பன்னிரண்டே நிமிடம். எனவே முதலில் எதிர்நீரில் போய்விட்டு, களைத்த பிறகு நீரோடு திரும்பி வருகிற மாதிரி திட்டம் போடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்து பியரின் மரத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடல் ஏற்ற இறக்க அட்டவணையில் தண்ணீர் மட்டம் காலை 10 மணிக்கு அடியில் இருக்கும் என்று போட்டிருந்தால், 10 மணிக்கு ஓட்டம் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் ஹட்சனில் அதற்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தண்ணீர் தெற்கே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் (NOAA) இணையதளத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு கணிப்பு, நீரோட்டத்துக்கு வேறு கணிப்பு. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆற்றைக் கடப்பதானால் ஓட்டம் நின்று திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் மதியம் தாண்டினால் தெற்கிலிருந்து கடல்காற்று ஏறும். அந்த நேரத்தில் தண்ணீர் தெற்கே ஓடினால் இரண்டும் முட்டிக்கொண்டு, குட்டையான செங்குத்து அலைகள் எழும்பும். போதாக்குறைக்கு இரு கரையிலும் கான்கிரீட் சுவர்கள். படகுகள் கிளப்பும் அலை கரையேறிச் சாவதில்லை, சுவரில் மோதித் திரும்பி வருகிறது. சுவரை ஒட்டிப் போனால் பத்திரம் என்று தோன்றும், உண்மையில் அங்கேதான் படகு அதிகம் ஆடும். காலை எட்டு மணி ஹட்சனும் மாலை நாலு மணி ஹட்சனும் வேறு வேறு ஆறுகள். புதியவர்களுக்குக் காலைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறைமுகத்தில் உங்களைக் கொல்லக்கூடியது கண்டெய்னர் கப்பல் இல்லை. அது அடுக்குமாடி மாதிரி தூரத்திலேயே தெரியும், போகும் பாதையும் தெரியும். பயப்பட வேண்டியது ஆட்களை ஏற்றிப் போகும் ஃபெர்ரிக்கு. ஹோபோக்கன், பாலஸ் ஹூக், பேட்டரி பார்க் சிட்டி, 39-வது தெருவின் பியர் 79 என்று சில நிமிடங்களுக்கு ஒன்று குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. 20 நாட் வேகத்தில் வருகிற ஃபெர்ரி ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல் கடக்கும். அதே நிமிடத்தில் நீங்கள் கடப்பது 90 மீட்டர். மன்ஹாட்டனின் நடுப்பகுதியான மிட்டவுனுக்கு எதிரே ஆற்றின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கு மேல், கடக்கக் கால் மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். நீங்கள் கிளம்பும்போது கண்ணுக்கே தெரியாத ஃபெர்ரி, நடு ஆற்றில் உங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

2016 ஆகஸ்ட் 30 மாலை, பியர் 79-இலிருந்து கிளம்பிய ஃபெர்ரி ஒன்று வழிகாட்டியோடு போன கயாக் குழு மேல் ஏறியது. சிலருக்குப் பலத்த காயம். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனின் கூச்சத்தில் கேப்டனுக்குக் கயாக்குகள் தெரியவில்லை என்று விசாரணையில் வந்தது. நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே கட்டளை இதிலிருந்துதான் வருகிறது: கேப்டன் உங்களைப் பார்த்தால்தான் நீங்கள் பிழைப்பீர்கள் என்கிற இடத்தில் இருக்காதீர்கள். ஆரஞ்சுச் சட்டை போடுங்கள், துடுப்பின் தகட்டில் பளிச்சென்ற நிறம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அதை நம்பி முன்னால் போய் நிற்க வேண்டாம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதென்றால் எதிரே வருகிறவர் கண்ணில் அது அடிக்கிறது என்று அர்த்தம்.

ஃபெர்ரித் துறையைத் தாண்டுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்குள்ள பெரும்பாலான ஃபெர்ரிகள் மூக்கைத் துறையில் முட்டவைத்து ஆளை ஏற்றி இறக்கும். கயிறு கட்டுவதில்லை. எஞ்சினை முன்பக்கமாக ஓடவிட்டு, தள்ளிக்கொண்டே நிற்கும். அதனால் பின்னால் வெள்ளை நுரை தொடர்ந்து பீறிடும். நுரை பீறிடும்வரை அது நகரவில்லை என்று அர்த்தம். நுரை சட்டென்று அடங்கினால் உஷார், ரிவர்ஸ் எடுக்கப் போகிறது. அடுத்த சில விநாடிகளில் நுரை படகின் பக்கவாட்டில் முன்னோக்கி ஓடும். கூடவே மூன்று குட்டை ஹாரன் அடித்தால் சந்தேகமே வேண்டாம், பின்னால் வருகிறது. பின்னால் வந்து, அங்கேயே திரும்பி, வேகமெடுக்கும். திரும்பும் அந்த இடத்தில்தான் நம் ஆட்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். துறைக்கு நல்ல தூரம் முன்னாலேயே நில்லுங்கள். எல்லோரும் வந்து சேரட்டும். உள்ளே இருப்பது வெளியே போகட்டும், வெளியே காத்திருப்பது உள்ளே போகட்டும். பிறகு ஒரே கொத்தாக, நிற்காமல், பேசாமல் கடந்துவிடுங்கள். ஆறு பேர் நூறு மீட்டருக்கு நீண்டு போனால் கேப்டனுக்கு அது ஆறு பிரச்சினை, கொத்தாகப் போனால் ஒன்று.

ஒரு நீண்ட ஹாரன் என்றால் துறையை விட்டுக் கிளம்புகிறேன் என்று பொருள். ஐந்து குட்டை ஹாரன் கேட்டால் உங்களைத்தான் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அது ஆபத்து எச்சரிக்கை. யார் சரி, யார் தப்பு என்று வாதாட இடமில்லை. குறுகிய கால்வாய்க்குள் மட்டுமே போகக்கூடிய கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த படகுகள் இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது படகுப் போக்குவரத்து விதிகளில் 9-வது விதி. நம்முடையது நாலு மீட்டர்.

நடு ஆற்றைக் கடக்கும்போது குறுக்கே நேராகக் கடந்து போங்கள், சாய்வாகப் போனால் பாதையில் இருக்கும் நேரம் கூடும். குழுவில் ஒருவரிடமாவது படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ இருக்கட்டும். 13-வது சேனலில் கப்பல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கேட்டாலே யார் எங்கிருந்து கிளம்புகிறார் என்று பிடிபடும். 16 அபாய அழைப்புக்கு. கைபேசியில் கப்பல் காட்டும் ஆப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் ஃபெர்ரி உங்களுக்குத் தெரியும், ஃபெர்ரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

ஒரு பெரிய அலை பக்கவாட்டில் வந்தால் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு படகின் விளிம்பைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கவிழ்வதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. துடுப்பு தண்ணீரிலேயே இருக்கட்டும், இடுப்பைத் தளர விடுங்கள், முடிந்தால் படகின் மூக்கை அலைக்கு நேரே திருப்புங்கள். அப்படியும் கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் படகானால் நிமிர்த்திப் போட்டு, நடுவில் கையூன்றி, கால்களை நீச்சலடிப்பது போல உதைத்து, வயிறு படகின் குறுக்கே விழுமாறு ஏறுங்கள். மூச்சு வாங்குங்கள். பிறகு புரண்டு உட்கார்ந்து கால்களை உள்ளே எடுங்கள். முழங்காலை முதலில் போடுபவர்கள் மறுபடி விழுவார்கள். இதைக் கரையோரத்தில் செய்து பழகாதவரை நடு ஆற்றுக்குக் கூட்டிப்போக நான் சம்மதிப்பதில்லை. எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் சரி.

சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் போக எல்லோருக்கும் ஆசை. லிபர்ட்டி தீவு, எல்லிஸ் தீவு இரண்டையும் சுற்றி 150 கஜம் பாதுகாப்பு வளையம். மீறினால் போலீஸ் படகு வந்து விரட்டும். அந்தப் பக்கம் ஸ்டேட்டன் தீவு ஃபெர்ரி வேறு இரவும் பகலும் ஓடுகிறது. கிழக்கு ஆறு என்கிற ஈஸ்ட் ரிவரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது ஆறே இல்லை, கடலிடுக்கு. அதிலுள்ள ஹெல் கேட் என்கிற இடத்தில் ஓட்டம் 5 நாட்டைத் தொடும்.

மே மாதம் வெயில் அடிக்கிறதே என்று இறங்க நினைப்பவர்களுக்கு: கரையில் 27 டிகிரி இருந்தாலும் தண்ணீர் 13, 14 டிகிரிதான். திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போகும். உடம்புச் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடை இல்லாமல் ஜூனுக்கு முன் வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் மே 1 வரை இத்தகைய சிறு படகுகளில் ஜாக்கெட் போட்டே இருக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

மழைக்கு மறுநாளும் வேண்டாம். இந்த நகரத்தில் பெரும்பகுதியில் சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் போகின்றன. பலத்த மழையில் குழாய் கொள்ளாமல் இரண்டும் நேரே ஆற்றில் விழும். சாதாரண மழைக்கு ஒரு நாள், கொட்டித் தீர்த்தால் இரண்டு நாள் என்பது என் கணக்கு. கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் எந்த நாளும் இறங்க வேண்டாம். திரும்பியதும் எதையும் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், காரில் எவ்வளவு புளியோதரை காத்திருந்தாலும்.