காவலுக்கு எடுக்கும் டோர்ச்: பற்றரியைத் தொடராகவா, சமாந்தரமாகவா போடுவது?

வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்கு யானைக் காவலுக்குப் போகிற பொடியன்மார் டோர்ச்சைத் திருத்தத் தந்தால், முதலில் மூடியைக் கழற்றி பற்றரி எப்படி அடுக்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

3.7 வோல்ட், 3000 மில்லி அம்பியர் மணி உள்ள 18650 என்ற அளவு லித்தியம் பற்றரி இரண்டை எடுங்கள். தொடராக, அதாவது ஒன்றின் பின் ஒன்றாகப் போட்டால் 7.4 வோல்ட், 3000. சமாந்தரமாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்துப் போட்டால் 3.7 வோல்ட், 6000. பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் 22.2 வாட் மணிதான். எவ்வளவு நேரம் எரியும் என்பது உள்ளே இருக்கிற டிரைவரின், அதாவது எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் சின்னச் சுற்றின் கையில்.

வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3 வோல்ட் அளவு போதும். மலிவான டிரைவர் மிச்ச வோல்ட்டைச் சூடாகவே கழிக்கும், 7.4 கொடுத்தால் பாதிக்கு மேல் வீண், டோர்ச்சின் தலைப்பக்கம் தொடமுடியாமல் கொதிக்கும். அதற்குச் சமாந்தரம்தான் சரி. வோல்ட்டைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டித் தரும் பக் டிரைவர் என்றால் தொடர் நல்லது.

ஒற்றைப் பற்றரிக்குச் செய்த டோர்ச்சில் இரண்டைத் தொடராகத் திணிக்காதீர்கள், டிரைவர் எரிந்துபோகும்.

பழசையும் புதுசையும் கலக்கவே வேண்டாம். தொடரில் இளைத்தது முதலில் வற்றிக் கெடும், சிலவேளை வெடிக்கவும் கூடும். சமாந்தரத்தில் நிறைந்தது குறைந்ததற்குள் பாயும். மல்ட்டிமீற்றரால் இரண்டையும் அளந்து, ஒரே வோல்ட் காட்டினால் மட்டும் சேருங்கள்.

காவல் வாடிக்குள் இருக்கும்போது குறைந்த வெளிச்சமே போதும். முழு வெளிச்சத்தை வரம்பில் அசுமாத்தம் தெரிந்தால் மட்டும் அடியுங்கள்.