மலை வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விடுபவர்கள் குடிவருபவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி, உதகை போன்ற ஊர்களில் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுபவர், வருகிறவர் மாதாமாதம் பணம் கொடுப்பாரா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறார். நானும் அப்படித்தான் நின்றேன். குன்னூரில் என் பெற்றோர் கட்டிய வீட்டை முதலில் எடுத்தவர் பதினொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகையைச் செலுத்தினார். ஆனால் அவர் அங்கே குடியிருக்கவே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டு, சீசன் முடிந்ததும் வீட்டைப் பூட்டிப்போட்டார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நான் உள்ளே நுழைந்தபோது சுவர்களில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மர அலமாரியின் பின்பலகை ஊறிக் கழன்றிருந்தது. அடுப்பு எரிந்து, ஆள் நடமாடி, வெயில் அடிக்கும் நாளில் சன்னல் திறக்கப்பட்டால்தான் மலை வீடு நிலைக்கும். ஆகவே நீங்கள் தேடவேண்டியது பணம் கொடுப்பவரை மட்டுமல்ல, அந்த வீட்டில் உண்மையாகவே குடித்தனம் நடத்துபவரை.

தொலைபேசியில் முதன்முதலாகப் பேசும்போதே, யார் யார் தங்கப்போகிறார்கள், எத்தனை நாள் இங்கே இருப்பார்கள், எதற்காக இந்த ஊருக்கு வருகிறார்கள் என்று கேளுங்கள். வேலை கோயம்புத்தூரில், பிள்ளைகள் படிப்பது அங்கேயே, வீடு மட்டும் மலையில் என்றால், அவர் கேட்பது ஓய்வு வீடு. அதை அறிந்துதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்பதும் வெறும் விசாரிப்பல்ல. குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வராத தெருவில், உங்கள் தொட்டி நான்கு பேருக்குப் போதுமா, எட்டுப் பேருக்குப் போதுமா என்பதை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

வீட்டைக் காட்டும்போது மழை பெய்யும் நாளாகவோ, மூடுபனி இறங்கிய மாலையாகவோ பார்த்து அழையுங்கள். மே மாத வெயிலில் பார்த்து மயங்கியவர்களில் பலர், ஆகஸ்டு மாதத்தில் துணி காயவில்லை என்று காலி செய்துவிடுகிறார்கள். எந்தச் சுவரில் ஈரம் ஊறும், குரங்கு எந்த வழியாக வரும், குப்பையை இரவில் வெளியே வைத்தால் கரடியும் காட்டுமாடும் எப்படித் தேடி வரும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டபின்னும் பொறுமையாகக் கேள்வி கேட்கிறவர் பெரும்பாலும் நிலைத்துத் தங்குகிறார். என் அனுபவத்தில் வேறெந்தச் சோதனையையும்விட இது பயனுள்ளது.

வருமானத்தைப் பார்ப்பதில் சமவெளி அளவுகோல் இங்கே பொருந்தாது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியரிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ சம்பளச் சீட்டு இருக்கும். சொந்தமாக ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயியிடம் அது இருக்காது. பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலை கொடுத்த ரசீதும் வங்கிக் கணக்கின் ஆறு மாதப் பதிவும் போதும். வாடகைக் கார் ஓட்டுபவருக்குச் சீசனில் பணம் புரளும், மழைக்காலத்தில் வறண்டுவிடும். அவரை ஒதுக்கிவிடாமல், சென்ற மழைக்காலத்தை எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். வாடகைத் தேதியைச் சற்றுத் தள்ளி வைப்பதால் உங்களுக்குப் பெரிய இழப்பு வந்துவிடாது.

சாதி, மதம் பற்றிக் கேட்காதீர்கள். 'சொந்த ஊர் எது, எந்தப் பக்கம்' என்று சுற்றிவளைத்தும் கேட்காதீர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, இந்த மலையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஓய்வுபெற்றவை. தோட்ட வீட்டை விட்டு வெளியேறி வாடகை வீடு தேடும் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வாடகை கட்டுவதற்கும் வீட்டைப் பேணுவதற்கும் தொடர்பில்லாத எந்தக் கேள்வியும் உங்களுக்கு வேண்டியதில்லை.

வீடு கேட்டு வருபவர் இப்போது இருக்கும் வீட்டின் உரிமையாளரோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய வீட்டின் உரிமையாளரிடமும் பேசுங்கள். இப்போதையவர், காலி செய்தால் போதுமென்று புகழ்ந்து பேசக்கூடும். முந்தையவருக்கு அந்த அவசியமில்லை. ஆதார் நகல் வாங்கும்போது, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட வடிவமே போதுமானது. நகலின் மேல் 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு அவரே எழுதட்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாக வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்குரிய படிவத்தில் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கட்டாயம். இவையெல்லாம் முடியும்வரை டோக்கன் அட்வான்ஸ் வாங்காதீர்கள். பணம் கைமாறியபின் மறுப்பது இருவருக்கும் சங்கடம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. உங்கள் எழுத்துப்பூர்வ இசைவின்றி உள்வாடகைக்கு விடுவதற்குக் குடிவருபவருக்கு உரிமையில்லை. ஆயினும் 'நாள் வாடகைக்கோ ஹோம்ஸ்டே நடத்தவோ பயன்படுத்தலாகாது' என்று தனி வரியாக எழுதிவிடுங்கள். இந்த வரியைப் படித்துக் காட்டியபோது, என்னிடம் வீடு கேட்டு வந்த இருவர் தாமாகவே விலகிக்கொண்டார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் சுவர்கள், அலமாரிகள், மின்மீட்டர் அளவு ஆகியவற்றை இருவரும் சேர்ந்து படமெடுத்து, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து தூக்கத்திலேயே உயிர் போகும் என்பதை, சமவெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அன்றைக்கே, குழந்தைகளும் கேட்கும்படி, நேரில் சொல்லுங்கள்.