58-க்கு மேல் அரை நாள் வேலையா? முதலில் கிராஜுவிட்டியை வாங்கிவிடுங்கள்

எங்கள் சித்தப்பா கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியவர். 58 முடிந்ததும், "சும்மா வீட்டுல உக்கார முடியாதுங்க, காலையில மட்டும் வந்து பசங்களுக்குத் தொழில் சொல்லித் தர்றேன்" என்றார். முதலாளியும் சரி என்றார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய வேலையிலேயே சம்பளத்தை மட்டும் குறைத்துக்கொண்டு தொடர்ந்துவிடாதீர்கள்.

கிராஜுவிட்டி என்பது வேலையை விட்டு விலகும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் பணிக்கொடை. அதைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய், 20 ஆண்டு என்றால் சுமார் 2,07,000 வரும். அதே ஆள் 10,000 ரூபாய்க்கு இறங்கி இன்னும் 2 ஆண்டு ஓட்டிவிட்டு விலகினால் சுமார் 1,27,000தான். கூடுதலாக உழைத்தும் 80,000 போய்விடுகிறது!

அதனால் முறைப்படி ஓய்வு பெற்று, தொகையைக் கையில் வாங்கி, அப்புறம் புது வேலை நியமன ஆர்டர் வாங்கிச் சேருங்கள். சித்தப்பா அப்படித்தான் செய்தார். வேலை நேரம், சம்பளம், நைட் ஷிப்ட் கிடையாது என்பது, மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

பி.எஃப். பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58-லேயே வாங்கலாம். வாங்கிக்கொண்டே வேலைக்கும் போகலாம். அரை நாள் சம்பளத்தில் குடும்பம் ஓடுமென்றால் 60 வரை தள்ளிப்போடுங்கள், ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.