பாட்டைத் தலைகீழாக ஓட்டி ரகசியம் தேடுவது எப்படி? வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு செய்முறை

இந்தப் பாட்டைப் பின்னாலிருந்து ஓட்டினால் சாத்தான் பேசுகிறான், செத்தவன் கூப்பிடுகிறான் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் அவ்வப்போது சுற்றும். பார்த்துப் பயந்து அடுத்தவருக்கு அனுப்புவதைவிட, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அதைச் செய்து பார்த்துவிடலாம். காசு செலவில்லை. முதலில் ஒலியைத் திருப்பக் கற்போம், அப்புறம் நாமே ஒரு செய்தியைப் பாட்டுக்குள் ஒளித்துவைப்போம், கடைசியாக யாரோ "கண்டுபிடித்த" செய்தி நிஜமா, காது பண்ணும் சேட்டையா என்று சோதிப்போம். என்னைக் கேட்டால் கடைசி வேலைக்காகத்தான் மற்ற இரண்டும்.

தயார் செய்துகொள்ள வேண்டியவை

ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய கம்ப்யூட்டரிலும் முனகாமல் வேலை செய்யும். கண்ட இடத்திலிருந்து இறக்காமல் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஹெட்போன் பர்மா பஜாரில் வாங்கிய சாதா ரகம் போதும், ஆனால் பேஸ் தூக்கலாக உள்ளது வேண்டாம். பேச்சைப் புரியவைப்பது பெரும்பாலும் மெய்யெழுத்துகள்தான், தூக்கலான பேஸ் அவற்றை மூடிவிடும்.

குரல் பதிவுக்குப் போனே போதும். போனில் பதிவு செய்தால் பல ரெக்கார்டர்கள் எம்4ஏ கோப்பாகச் சேமிக்கும், விண்டோஸ் ஆடாசிட்டியில் அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். அந்தத் தலைவலி வேண்டாமென்றால் ரெக்கார்டரின் செட்டிங்ஸில் வேவ் என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஆடாசிட்டியிலேயே சிவப்புப் பொத்தானை அழுத்தி நேராகப் பேசுங்கள்.

நம்ம வடசென்னைப் பக்கத்தில் பெரிய பிரச்சினை சத்தம்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரம் வீடென்றால் கன்டெய்னர் லாரி, காசிமேட்டுப் பக்கம் என்றால் விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்குப் போகும் வண்டிகள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு என்றால் சொல்லவே வேண்டாம். ராத்திரி தெரு அடங்கிய பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துப் பேசுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். நேராகக் கேட்கும்போது எதிரொலி வார்த்தைக்குப் பின்னால் வருவதால் காது அதைக் கண்டுகொள்ளாது, திருப்பினால் அது வார்த்தைக்கு முன்னால் வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும்.

முதலில் "மாமா" என்று சொல்லுங்கள்

ஆமாம், அதுதான் முதல் பயிற்சி. "ம்மாமா" என்று முதல் மகரத்தைக் கொஞ்சம் இழுத்து, ராகம் போடாமல் சமமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல், ஏ இரண்டையும் சேர்த்து அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுங்கள். மேலே எஃபெக்ட் மெனுவில் ஸ்பெஷல் என்ற பிரிவுக்குள் ரிவர்ஸ் இருக்கும் (பழைய பதிப்புகளில் எஃபெக்ட் பட்டியலிலேயே நேராக இருக்கும்). அழுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். "ஆமாம்" என்று கேட்கும்.

உள்ளே நடப்பது எளிய வேலை. சிடி தரத்தில் ஒரு நொடி ஒலி என்பது 44,100 எண்கள். மென்பொருள் அந்த வரிசையைக் கடைசியிலிருந்து படிக்கிறது, அவ்வளவுதான். "மாமா" என்பதன் ஒலிகள் ம், ஆ, ம், ஆ. திருப்பினால் ஆ, ம், ஆ, ம். அதேபோல "நாம்" என்று உதட்டை நன்றாக மூடிச் சொல்லித் திருப்புங்கள், "மான்" வரும். "நான்" திருப்பினாலும் "நான்"தான்.

சரி, "விகடகவி"? எழுத்தில் எந்தப் பக்கம் படித்தாலும் ஒன்றுதான். சம்பந்தர் தேவாரத்தில் மாலைமாற்று என்று ஒரு பதிகமே இப்படி அமைந்திருக்கிறது. ஆனால் ஒலியைத் திருப்பினால் விகடகவி "இவகடகிவ்" மாதிரி ஏதோ ஒன்றாகிவிடும், ஏனென்றால் "வி" என்ற ஒரே எழுத்துக்குள் வ் முன்னால், இ பின்னால் என்று ஒரு வரிசை இருக்கிறது, மென்பொருள் அதையும் சேர்த்துப் புரட்டிவிடுகிறது. போதாததற்கு க, ட, ப போன்ற வல்லினத்தில் காற்று அடைபட்டு, பிறகு வெடிக்கும். திருப்பினால் வெடிப்பு முதலில் வந்து அடைப்பு பின்னால் வரும், வாய் அப்படிப் பேசாது. ம, ந, ல, ய, உயிரெழுத்துகள் இவையெல்லாம் திருப்பினாலும் ஓரளவு தாங்கும். இதை மனதில் வையுங்கள், செய்தி ஒளிக்கும்போது உதவும்.

ஒரு பாட்டைத் திருப்புவோம்

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எம்பி3 அல்லது சிடியிலிருந்து எடுத்த கோப்பு வேண்டும். பாட்டு ஆப்களில் டவுன்லோடு செய்தவை பூட்டப்பட்டிருக்கும், வெளியே எடுக்க முடியாது. நண்பர்கள் பாடிய கானாவைப் போனில் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, உரிமைப் பிரச்சினையும் இல்லை. ஃபைல் மெனுவில் இம்போர்ட், பிறகு பத்துப் பதினைந்து நொடி மட்டும் தேர்ந்தெடுத்து ரிவர்ஸ். டோலக் அடி "டொப்" என்று விழாமல் மெதுவாக வீங்கி வந்து சட்டென்று நிற்கும், கைத்தட்டல் எதையோ உறிஞ்சுகிற மாதிரி இருக்கும். தலைகீழ் ஒலி அமானுஷ்யமாகத் தோன்றப் பாதிக் காரணம் இந்த வீக்கம்தான், பேய்க்கு இதில் பங்கில்லை.

நிஜமாகவே செய்தியை ஒளித்துவைத்த பாட்டுகள் உண்டு. பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் "ரெயின்" பாட்டு 1966-இல் வந்தது, அதன் கடைசியில் பாடகர் ஜான் லெனனின் குரலைத் திருப்பிச் சேர்த்திருக்கிறார்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற இன்னொரு குழு 1979-இல் "தி வால்" ஆல்பத்தில் "எம்ப்டி ஸ்பேசஸ்" என்ற பாட்டில், ரகசியச் செய்தியைக் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள் என்று சொல்லி, பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்று கிண்டலாக ஒரு முகவரியும் கொடுத்திருக்கிறார்கள். சாத்தான் தேடுகிறவர்களை நன்றாகவே கலாய்த்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், கேட்பவர்களே "கண்டுபிடித்த" வகை: லெட் செப்பலின் குழுவின் "ஸ்டேர்வே டு ஹெவன்". 1971-இல் வந்த பாட்டு. அதைத் திருப்பினால் சாத்தானுக்குத் துதி கேட்கிறது என்று கிளம்பி, 1982-இல் கலிஃபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால் ஓட்டியே காட்டினார்கள்.

இரண்டு வகையையும் பிரிக்க நான் வைத்திருக்கும் விதி இதுதான்: வேண்டுமென்றே ஒளித்த செய்தி, நேராக ஓட்டும்போது உளறலாக இருக்கும், திருப்பினால் பளிச்சென்று புரியும். நேராக ஓட்டும்போது ஒழுங்கான பாட்டு வரியாக இருந்து, திருப்பினால் மங்கலாக ஏதோ கேட்டால், தொண்ணூறு சதவீதம் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் அர்த்தம் வருகிற மாதிரி ஒரு முழு வரி எழுதிப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று "மாமா"வைத் தாண்டி ஒரு வாக்கியம் அமைக்க முயன்றாலே தெரிந்துவிடும்.

நம்ம செய்தியை ஒளிப்போம்

ஐந்து நொடிக்குள் அடங்கும் ஒரு வரி போதும். "கண்டுபிடிச்சிட்டியா மச்சான், டீ வாங்கிக் குடு" என்று நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்து, திருப்புங்கள். பாட்டு ஒரு தடத்தில், உங்கள் குரல் இன்னொரு தடத்தில் இருக்கும். குரல் துண்டின் மேல்பட்டையைப் பிடித்து இழுத்து, பாடகர் பாடாமல் வாத்தியம் மட்டும் வரும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். குரல் தடத்தின் ஓரத்திலுள்ள ஒலி அளவைப் பத்து டெசிபல் சுமாருக்குக் குறைத்து, பாட்டோடு கலக்கும்வரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். குரலின் முன்னும் பின்னும் ஃபேட் இன், ஃபேட் அவுட் போட்டால் வெட்டினது தெரியாது. பிறகு எக்ஸ்போர்ட். எடுத்த கோப்பை மறுபடி திறந்து முழுவதையும் திருப்பினால் பாட்டு உளறும், நீங்கள் டீ கேட்பீர்கள்.

மற்றவர்களின் சினிமாப் பாட்டில் செய்து யூடியூபில் ஏற்றாதீர்கள், உரிமை வைத்திருப்பவர்கள் தூக்கிவிடுவார்கள்.

துண்டுச் சீட்டுச் சோதனை

இதற்கு நான்கைந்து ஆள் வேண்டும். தெருக் கேரம் கிளப் நல்ல இடம், ஆட்டம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒளித்த செய்தி எதுவும் இல்லாத ஒரு பாட்டின் பத்து நொடியைத் திருப்பி, நீங்களே பலமுறை கேட்டு, அதில் ஏதாவது வாக்கியம் மாதிரி காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழும். அதை எழுதி மடித்துப் பாக்கெட்டில் வையுங்கள்.

இப்போது எதுவும் சொல்லாமல் ஓட்டுங்கள். என்ன கேட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனிச் சீட்டில், ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுத வேண்டும். "இன்னாபா இது, ஒண்ணும் புர்ல" என்று எழுதுவதும் பதில்தான். சீட்டுகளை வாங்கிய பிறகு உங்கள் வாக்கியத்தைப் படித்துக் காட்டி மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த முறை அது தெளிவாகக் கேட்கும், அதற்கப்புறம் கேட்காமல் இருக்கச் சொன்னாலும் முடியாது. வாட்ஸ்அப் வீடியோவில் ஒலிக்கு முன்னாலேயே திரையில் எழுத்து ஓடுவதற்குக் காரணமும் இதுதான்.

வோக்கி, ரீட் என்ற இரண்டு கனடா உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இதையே முறைப்படி செய்திருக்கிறார்கள். தலைகீழ்ப் பேச்சைக் கேட்டவர்களால் பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடிந்தது, அர்த்தம் பிடிபடவில்லை. ஆனால் இதைத் தேடுங்கள் என்று வாக்கியத்தைக் கொடுத்துவிட்டால் கேட்டார்கள். அவர்கள் திருப்பிப் போட்டதில் பைபிளின் 23-ஆம் சங்கீதமும் உண்டு. ராயபுரத்தில் பாதி வீட்டுச் சுவரில் தொங்குகிற "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" அதுதான், அதிலிருந்தும் விசித்திரமான வாக்கியங்கள் கிடைத்தன.

சிரிப்போடு முடியாத வழக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இரண்டு இளைஞர்களின் சாவுக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் பாட்டில் மறைந்திருந்த செய்திதான் காரணம் என்று குடும்பத்தினர் போட்ட வழக்கு 1990-இல் நெவாடாவின் ரீனோ நகரில் நடந்தது. குழுவின் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தைத் திருப்பிக் கேட்டு, "அம்மா, என் நாற்காலி உடைந்துபோச்சு" என்ற மாதிரி வரிகளைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் சொன்னார். பாட்டில் கேட்டதாகச் சொன்ன வார்த்தை ஒலிகள் தற்செயலாகச் சேர்ந்ததுதான் என்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

உங்கள் சோதனையில், எதுவும் சொல்லாமலே மூன்று பேர் ஒரே வரியை எழுதியிருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி நேராக ஓட்டிப் பாருங்கள். அங்கே பாடகர் என்ன பாடுகிறார் என்றே புரியாமல் உளறலாக இருந்தால், யாரோ ஒருவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். அடுத்தவருக்குக் கேட்கக் கொடுக்கும்போது வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்து அனுப்பாமல் கோப்பாகவே அனுப்புங்கள், தரம் குறைந்தால் முதலில் போவது மெய்யெழுத்துகள்தான். முக்கியமாக, கூடவே வரியை எழுதி அனுப்பாதீர்கள்.