ராத்திரி 2 மணிக்கு மனசு கணக்குப் பார்க்க ஆரம்பித்தால்

உடம்பு அசந்து கிடக்கும், வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், அப்போதுதான் மனசு பேரேட்டைத் திறந்து உட்காரும். பையனின் ஃபீஸ், அம்மாவின் சுகர், காலையில் மேனேஜர் சொன்ன ஒரு வார்த்தை, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் நாம் உளறியது என்று வரிசையாக வரும். எனக்கு இது அப்பா உடம்பு சரியில்லாமல் இருந்த சமயத்தில் ஆரம்பித்து ஏழெட்டு மாதம் ஓடியது. "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று சொல்லாத ஆள் கிடையாது. எப்படிக் குழப்பிக்காமல் இருப்பது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த 'எப்படி'யைத்தான் எழுதுகிறேன். நானாகக் கண்டுபிடித்ததும் கவுன்சிலிங்கில் கற்றுக்கொண்டதும் இதில் கலந்திருக்கும்.

தூக்கம் வராமல் சுமார் 20 நிமிஷம் ஆனால் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், குத்துமதிப்பாகப் போதும். புரண்டு புரண்டு படுத்துக்கொண்டே இருந்தால் கட்டில் என்பது கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது, அப்புறம் தலையணையில் தலை வைத்ததுமே மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில், சுவாரசியமே இல்லாத வேலை ஒன்றைச் செய்யுங்கள். நான் காய்ந்த துணியை மடிப்பேன். சாக்ஸுக்கு ஜோடி தேடுவதைப் போல் கொட்டாவி வரவழைக்கும் வேலையை நான் பார்த்ததில்லை. போன் மட்டும் கூடாது. கண் சொருகும்போது திரும்பி வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருப்பதுதான் இதில் கொடுமையான பகுதி, ஆனால் அதுதான் வேலை செய்யும் பகுதியும்.

அடுத்தது நோட்டு. சாயந்திரம் 15 நிமிஷம் கவலைக்கென்று ஒதுக்குங்கள். எனக்கு 6 மணி. தூங்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் நான் செய்யக்கூடியது, வலது பக்கம் என் கையில் இல்லாதது என்று தலைப்புப் போடுங்கள். "அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் மோசமாக வந்தால்?" என்பதுதான் நான் முதலில் எழுதியது. ரிப்போர்ட்டில் என்ன வரும் என்பது வலது பக்கம் போனது, அதைப் பற்றி அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. இடது பக்கத்தில் "அண்ணனிடம் பேச வேண்டும்" என்று எழுதினேன், அது பிரயோஜனப்படவில்லை, ஏனென்றால் அதுவும் இன்னொரு கவலையாகத்தான் இருந்தது. அடித்துவிட்டு "காலை 10 மணிக்கு அண்ணனுக்கு போன், வியாழக்கிழமை லீவு போட முடியுமா" என்று மாற்றினேன், அப்புறம் "பழைய ஃபைலை பீரோவிலிருந்து எடுத்துப் பைக்குள் வைக்க". எழுதுவது நாளைக்குக் கையால் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

ராத்திரி அதே யோசனை வந்தால், கடன்காரனிடம் சொல்வது மாதிரி "நாளைக்கு 6 மணிக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். முதல் வாரம் அவன் கேட்கவே மாட்டான், வாசலிலேயே நிற்பான். எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கொஞ்சம் அடங்கியது. சில நாள் 6 மணிக்கு நோட்டைத் திறந்தால் எழுத எதுவும் இருக்காது.

பகலில் திடீரென்று படபடப்பு வந்தால் மூச்சு. 4 எண்ணும்வரை இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள், ஒரு ஐந்து நிமிஷம். விடும் மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். பீதி என்பது பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும், அது தெரிந்திருந்தாலே பாதி பயம் குறையும். ஆனால் முதல் தடவையாக நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் "டென்ஷன்தான்" என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டீ, காபி விஷயத்தில் நான் உபதேசம் செய்ய முடியாது, ஒரு நாளைக்கு நாலு குடிக்கிற ஆள். என்றாலும் காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் மதியம் 2 மணியோடு நிறுத்திக்கொண்டேன். "ஒரு கட்டிங் சரக்கு போட்டால் தூக்கம் வரும்" என்பவர்களுக்கு: வரும், பின்னிரவில் உடைந்தும் போகும்.

எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும் நாட்களில் "மூடு வரட்டும், அப்புறம் செய்யலாம்" என்று காத்திருக்காதீர்கள். செய்ய ஆரம்பித்தால்தான் அது கொஞ்சமாவது வரும். குளிப்பது, தெருமுனை வரை நடந்து பால் பாக்கெட் வாங்கி வருவது, அவ்வளவு போதும். யாரிடமாவது பேசுவதாக இருந்தால் தொடக்கத்திலேயே "அட்வைஸ் வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நம் ஆட்கள் நல்ல எண்ணத்திலேயே பரிகாரம் வரை போய்விடுவார்கள்.

இதையெல்லாம் செய்தும், இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனசு கனமாகவே இருந்தால், சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் குலைந்தால், டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் சோர்வையும் மந்தத்தையும் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதலாம். மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார், உளவியலாளர் பேசிச் சரிசெய்யும் சிகிச்சை தருவார். சிலருக்கு இரண்டும் தேவைப்படும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும், பத்தாவது நாள் "ஒன்றும் தெரியவில்லையே" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். செலவுக்குப் பயந்தால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, ஓபி சீட்டு வாங்கினால் போதும்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டையும் மூச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு; இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. இப்போதே போனில் பதிந்து வையுங்கள், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். "எப்போதிலிருந்து இப்படி?" என்பதுதான் அங்கே வரும் முதல் கேள்வி, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நோட்டைப் புரட்டினேன், தேதியோடு இருந்தது.